தீக்குச்சி உரசிய பீங்கான்

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கூறும். எளிய மக்களின் வரலாற்றையோ, அவர்கள் அன்றாடம் கையாண்டு கழித்த சிறுபொருள்களிடம்தான் கேட்டறிய வேண்டும். ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட வேடிக்கைப் பீங்கான்கள் அத்தகையவை. தீக்குச்சிகளைச் செருகி வைக்கும் சிறு கலங்கள், சாம்பல் தட்டும் கிண்ணங்கள், புகையிலைச் சாடிகள் என அவை பல வகைப்படும். குறும்புக் குரங்கு, பல்லிளிக்கும் மண்டையோடு, பெருவயிற்று மனிதன் ஆகிய உருவங்களை அவற்றில் காணலாம். எரியும் சிகரெட்டை உள்ளே வைத்தால் உருவத்தின் வாய் வழியே புகை வெளிவருமாறு அமைந்த கிண்ணங்களும் உண்டு. இவற்றைத் தேடித் திரட்டுவோர் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உளர்.

பீங்கான் முதலில் ஐரோப்பிய மன்னர்களின் பேராசைப் பொருளாகவே இருந்தது. சீனர் அறிந்திருந்த அதன் நுட்பத்தைக் கண்டறியச் சாக்சனி மன்னன் அகஸ்டஸ், பெட்கர் என்னும் இளைஞனைக் காவலில் வைத்து வேலை வாங்கினான். பொன் செய்வதாகக் கூறித் திரிந்த அவ்விளைஞன், அறிஞர் சிர்ன்ஹவுசின் துணையோடு பீங்கான் செய்யும் முறையைக் கண்டான். 1710ஆம் ஆண்டில் மைசன் ஆலை எழுந்தது. துரிங்கியாவின் கதை வேறு. அங்கே இறையியல் பயின்ற மாக்கலைட் என்பவர் 1760ஆம் ஆண்டளவில் தம் முயற்சியாலேயே அக்கலையைக் கைவரப் பெற்றார். சூளைக்கு வேண்டிய விறகை அவ்வட்டாரக் காடுகள் வழங்கின. நூறு ஆண்டுகள் செல்வதற்குள், அரண்மனை மேசையில் வீற்றிருந்த பீங்கான் ஏழை வீட்டு மாடத்திற்கும் வந்து சேர்ந்தது.

அம்மாற்றத்திற்குப் பெரிதும் துணை நின்றது பொஸ்னெக் நகரின் கோண்டா போமே ஆலையாகும். இங்கிலாந்தின் ஊர்ச் சந்தைகளில் மலிவு விலைக்கு வாங்கவும் பந்தய விளையாட்டுகளில் பரிசாக வெல்லவும் தக்க சிறு பொம்மைகளை அது ஏராளமாக ஏற்றுமதி செய்தது. கணவனும் மனைவியும் படுக்கைக்கு முந்தியோட, பிந்தியவரே விளக்கை அணைக்க வேண்டும் என்னும் வாசகம் அடியில் எழுதப்பட்ட பொம்மை அவற்றுள் புகழ் மிக்கது. ஜெர்மானியத் தொழிலாளர் ஆங்கிலக் குடும்பத்தின் நகைச்சுவையை ஆங்கில எழுத்திலேயே தீட்டி அனுப்பினர் என்பது வியப்புக்குரியது. பின்னர் 1890ஆம் ஆண்டில் ருடோல்ஸ்டாட் பகுதியில் தோன்றிய ஷேஃபர் வாட்டர் ஆலையும் இவ்வகைப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது.

இப்பொருளைக் கையில் எடுப்பவர் உருவத்தின் சிரிப்பைப் பார்த்து மகிழ்வது இயல்பு. ஆயினும் அதன் பக்கத்திலோ அடியிலோ வரிவரியாகச் சொரசொரப்பாக விடப்பட்ட ஓரிடம் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். தீக்குச்சியை உரசுவதற்கென்றே அமைத்த இடம் அது. 1827ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் உரசு தீக்குச்சிகளை விற்கத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் வெண்பாஸ்பரசு சேர்ந்த குச்சிகள் பரவின. அவை சொரசொரப்பான எவ்விடத்தில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். ஆகவே அவற்றைப் பத்திரமாக வைக்க ஒரு கலமும், உரச ஒரு பரப்பும் தேவைப்பட்டன. இரண்டையும் ஒன்றாக்கி, மேலே ஒரு சிரிப்பையும் ஏற்றி வைத்தான் பீங்கான் தொழிலாளி.

அந்தக் குச்சியைச் செய்தவர்களுக்கோ சிரிப்பு வாய்க்கவில்லை. வெண்பாஸ்பரசின் ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்குப் பல்வலி தொடங்கித் தாடையெலும்பே அழுகிற்று. வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845ஆம் ஆண்டில் இந்நோயை எடுத்துரைத்தார். நச்சுத்தன்மையற்ற செம்பாஸ்பரசைக் கொண்ட தீப்பெட்டி 1855ஆம் ஆண்டளவிலேயே சுவீடனில் செய்யப்பட்டது. இருந்தும், விலை மலிவு என்பதற்காகவும் எங்கும் உரசலாம் என்பதற்காகவும் பழைய குச்சியை உலகம் எளிதில் விடவில்லை. வெண்பாஸ்பரசுக் குச்சிகளைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 1906ஆம் ஆண்டில்தான் பெர்ன் நகரில் கையெழுத்தாயிற்று. நோயை அறிந்த பின்னும் அறுபது ஆண்டுகள்! பாதுகாப்புத் தீக்குச்சி தன் பெட்டியின் பட்டையில் மட்டுமே பற்றும். அது பரவப் பரவப் பீங்கானின் வரிகள் பயனற்றுப் போயின. ஆகவே, உரசி உரசிக் கறுத்த வரிகளையுடைய கலம் கண்ணாடிப் பேழைக்குள் பளபளக்கும் கலத்தைவிட மதிப்புடையது எனலாம். விலை கூறுவோர் இதை ஒப்ப மாட்டார்கள்.

காலத்தை அறிய அடிப்புற முத்திரை உதவும். குறுவாள் ஏந்தி மடங்கிய கை, கேடயத்தினுள் அமைந்திருந்தால் அது கோண்டா போமே. கதிர் வடிவமும் அதன் மேல் மகுடமும் இருந்தால் ஷேஃபர் வாட்டர். அயல்நாட்டுச் சரக்கு பிரிட்டனின் சரக்கென மயங்கப்படாதிருக்க, பிரிட்டன் 1887ஆம் ஆண்டில் வணிகக் குறிச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவும் 1891 முதல், இறக்குமதிப் பொருளில் அது பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஆகவே ஜெர்மனி என்னும் பெயர் தாங்கியவை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை. பெயரில்லாதவை எல்லாம் பழையவை என்று கொள்வது மட்டும் பிழையாகும்.

இவற்றுள் முகம் சுளிக்க வைக்கும் ஒரு பகுதியும் உண்டு. ஆப்பிரிக்கரையும் சீனரையும் உதடு தடித்தவராகவும் கண் கோணியவராகவும் இழிவுபடுத்திய உருவங்கள் பல. ஜெர்மனி 1884 முதல் ஆப்பிரிக்க மண்ணைக் கைப்பற்றிய காலமும் இதுவே. அவ்வுருவங்களை உடைத்தெறிவதால் வரலாறு மாறிவிடாது. எனினும், வெறும் வேடிக்கை என்று அவற்றைப் பிற பொம்மைகளோடு வரிசையில் நிறுத்துவதும் நேர்மையன்று. எவரைப் பார்த்து எவர் சிரித்தனர் என்று அருகில் எழுதி வைக்கும் திரட்டாளரே தம் கடமையை உணர்ந்தவர்.

கோண்டா போமே 1931ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஷேஃபர் வாட்டர் 1962ஆம் ஆண்டுடன் நின்றது. பல பொம்மைகளின் அடியில் இன்றும் அழுத்தமாகப் பதிந்த எண்கள் தெரிகின்றன. அவை அச்சின் எண்கள். கண்ணுக்கு மையும் கன்னத்துக்குச் சிவப்பும் தீட்டிய கைக்குரியவரின் பெயர் அங்கே இல்லை.