உயிர்க் கொள்கை: திருவொற்றியூர் மரபு

எது உயிருள்ளது, அந்த உயிர் இறைவனை எப்படி அறியும் என்னும் இரண்டு கேள்விகளும் தமிழ்ச் சிந்தனையில் சேர்ந்தே வளர்ந்தவை. இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலோரம் அமைந்த திருவொற்றியூரில் அந்த வளர்ச்சியின் பல கட்டங்களைக் காணலாம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலனறிவால் வகுக்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டுமுள்ள ஓரறிவுயிர்கள். கரையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, மனம் வாய்த்த மக்கள் ஆறறிவு. அசைவோ மூச்சோ அங்கே அளவுகோல் அல்ல, உணர்வே அளவுகோல்.

திருவொற்றியூர் மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவினர். ஆண்டு முழுதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதைக் களைந்து புனுகு சாத்துவார்கள். மூவறிவுயிர் எழுப்பும் மண்ணை ஒத்த உருவிலேயே இறைவனை வணங்கிய ஊர் இது. அவன் அந்த உருவுக்குள் அடங்கியவனா என்று கேட்கும் கதையும் இங்கேயே பிறந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைப் பெரியபுராணத்தில் விரித்தார். தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்குப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், அந்நேரம் சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போயிருக்கும்படி சிவனை வேண்டிக்கொண்டார். சங்கிலியாரோ மரத்தடியிலேயே சத்தியம் கேட்டார். பின்னர் அதை மீறி ஊரெல்லை கடந்ததும் சுந்தரர் கண்பார்வை இழந்தார்.

சோழர் காலத்தில் இவ்வூர் கல்வி நிலையமாகவும் விளங்கியது. சைவத் துறவி சதுரானன பண்டிதரின் மடம் இங்கிருந்தது. பாணினியின் இலக்கணம் கற்பிக்க ஒரு மண்டபமும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில், உயிர் இறைவனை எப்படி அறியும் என்பதற்குச் சைவத்தின் விடையை வகுத்தார். அதன்படி உயிர், சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. தன் சொந்த அறிவால் அது இறைவனை எட்டாது, அவன் அருளே கண்ணாக வேண்டும்.

அந்த அருளை அடையும் வழியைப் புதிதாகச் சொன்னவர் இராமலிங்க அடிகள் (1823–1874). சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்த இளமைக் காலத்தில் அவர் திருவொற்றியூருக்கு இடைவிடாமல் வந்து வழிபட்டார். இத்தலத்து அம்மன் மீது 101 பாடல்கள் கொண்ட வடிவுடை மாணிக்க மாலையைப் பாடினார். 1858இல் சென்னையை விட்டுப் போய், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவர்க்குச் சோறிடுவதற்காக எழுந்த சாலை அது.

அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம், புலால் மறுப்பவர் யாரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறது: மரமும் பயிரும் உயிர்கள் என்றால் சோறு உண்பதும் கொலைதானே? தாவரமும் உயிரே, அதை அழிப்பதும் இம்சையே என்று அவர் முதலில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வித்து, காய், கனி, தழை ஆகியவை உயிரல்ல. உயிர் விளங்குவதற்கு இடமான சடங்கள். நகமும் மயிரும் களைந்தால் நமக்கு வலிக்காததுபோல, அவற்றை எடுப்பதால் தாவரத்துக்குத் துன்பம் நேராது. இன்றைய தாவரவியலர் எல்லோரும் இதை ஏற்கமாட்டார்கள். என்றாலும் உயிரின் பெயரால் எழுந்த சிக்கலை வலியின் இருப்பைக் கொண்டு அவிழ்த்த அந்த நேர்மை பெரிது. இறையறிவையும் அவர் இதனோடே பிணைத்தார். கடவுளின் தயவே அருள், அதைப் பெறச் சீவர்களிடம் நாம் காட்டும் தயவே வழி என்றார். நூலறிவுக்கும் சடங்குக்கும் மேலாகப் பசி தீர்த்தலை வைத்தார்.

20ஆம் நூற்றாண்டில், எது உயிருள்ளது என்னும் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. இந்துக்கள் வழிபடும் தெய்வத் திருவுருவைச் சட்டம் ஏற்கும் ஒரு நபராக 1925இல் பிரிவி கவுன்சில் உறுதிப்படுத்தியது. இயற்கை அன்னையும் உரிமைகளுள்ள ஓர் உயிர் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் அறிவித்தது. மறு ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர் வலைகளிலும் கூழைக்கடாக்களின் சிறகுகளிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரித்தது. கழிமுகம் சட்டப்படி ஒரு நபரா என்பதைவிட, அங்கே துன்பப்படுவது எவையெவை என்று அடிகள் வழியில் கேட்பதே இந்த மரபுக்கு நெருக்கமானது.