சேலை மூட்டையும் மேலைக் காற்றும்

அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த சேலை வெளியூர்க் கடைகளுக்கு லாரியில் போனது. பட்டிக்காட்டுத் திண்ணையில் அதை விரித்துக் காட்டியவரோ சைக்கிளில் போனார். எங்கள் ஊர் நெசவைப் பற்றி எழுதுகிறவர்கள் பாவு, சாயம், கூலி எல்லாம் எழுதுகிறார்கள். அந்தச் சைக்கிள்காரர்களை விட்டுவிடுகிறார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். அறுபது தாண்டியும் திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர் என்று கிழக்கே போய், கமுதி வழியாகத் திரும்புவார். வீடு வந்துசேர நாலைந்து நாளாகும்.

1985 வரை இந்தச் சீமை முழுவதும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். வானம் பார்த்த பூமி, ஊருக்கு ஊர் வெகு தூரம். 1960களில் விருதுநகர் - மானாமதுரை ரயில் வந்தும், ஸ்டேஷன் இருந்த ஊர்களுக்குத்தான் அதனால் பலன். மற்ற இடத்துக்கெல்லாம் வண்டிப் பாதைதான். ஆனால் தரை மட்டமானது, ஏற்றம் என்றால் கண்மாய்க் கரை ஏறுவதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த ராலே, ஹம்பர் சைக்கிள்கள் வசதிக்காரர் வீட்டு வாசலில் நின்றன. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் எங்கள் ஊர் வியாபாரிகள் கைக்குச் சைக்கிள் எட்டியது.

மூட்டை கட்டுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அகலமான கேரியரில் முதலில் பலகை. அதன்மேல் துண்டும் வேட்டியும், பிறகு நூல் சேலைகள். கல்யாணச் சேலை இரண்டு மூன்று மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றித் தனியாக மேலே இருக்கும். கயிறு கட்ட மாட்டார். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, இழுத்துக் கட்டுவார். துணியில் தழும்பு விழாது. பாரில் காற்றுப் பம்பு, ஹேண்டில்பாரில் தூக்குவாளி, சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையில் பங்சர் ஒட்டச் சொலுஷனும் உப்புத்தாளும். அந்தப் பை இல்லாமல் கிழக்கே போக முடியாது. மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து இங்கே வந்த சீமைக்கருவேலம் பாதையோரமெல்லாம் முள்ளை உதிர்த்து வைத்திருந்தது.

ஐப்பசி மழையில் கரிசல் நனைந்துவிட்டால் சைக்கிள் வியாபாரம் நின்றுவிடும். மண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அப்பி, சக்கரத்தைச் சுற்ற விடாது. குச்சியால் குத்தி எடுத்தால் பத்து கஜம் நகரும், மறுபடி அடைக்கும். ஆடி மாதம் வேறு மாதிரி. மேலைக் காற்று முதுகில் தள்ளும், போகிற பாடு சுகம். மூட்டை குறைந்து திரும்பும்போதோ அதே காற்று நெஞ்சில் அறையும். அதனால் அப்பா திரும்புகிற நாளில் விடியுமுன்பே, இரவு தங்கிய சாவடியை விட்டுக் கிளம்பிவிடுவார். "காத்து எந்திரிக்கிறதுக்கு முன்னே நாம எந்திரிச்சிரணும் தாயி" என்பார். டைனமோ டயரை உரசினால் மிதி கனக்கும் என்று, நிலா வெளிச்சம் இருந்தால் அதையும் தட்டிவிட மாட்டார்.

இந்தத் தொழிலில் வயசாளிகளே அதிகம் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எல்லாம் தவணை வியாபாரம். பருத்தி வெடித்தால், மிளகாய் பழுத்தால்தான் காசு. கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. தாய்க்கு முகூர்த்தச் சேலை கொடுத்தவரை நம்பித்தான் மகளும் வாங்குவாள். புதிதாக வந்த இளவட்டத்துக்கு அந்த வாசல் திறக்காது. முழங்கால் வலித்தாலும் ஓய முடியாமல் அவர்கள் மிதித்தது இதனால்தான். அப்பாவின் நோட்டில் ஊர்கள் பாதை வரிசையில் இருக்கும்; ஒவ்வொரு ஊருக்குக் கீழும் வீட்டுக்காரம்மா பெயர், பாக்கி, நல்ல தண்ணீர் கிடைக்கும் கிணறு.

1980இல் டிவிஎஸ் 50 வந்தது. பிறகு மினி பஸ்ஸும். இளையவர்கள் மொபெட்டுக்கு மாறினார்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

நான் சைக்கிள் கற்றது முப்பது வயதுக்கு மேல். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய செய்தி வந்தது. அதைக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரம்மா மிதிக்கலாமா என்று எங்கள் தெருவில் பேசினார்கள். அப்பாதான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கும், சில வருடங்களில் மற்றப் பிள்ளைகளுக்கும் அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுத்தபோது அந்தப் பேச்சு அடங்கிப்போயிற்று.

ஓய்வு பெற்றபின் கியர் சைக்கிள் வாங்கி அப்பாவின் பாதையிலேயே போகிறேன். கமுதிப் பக்கம் இப்போது 648 மெகாவாட் சோலார் தகடுகள். அவரை வாட்டிய அதே வெயில்தான். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் ஆடாக்ஸ் சைக்கிள் ஓட்டங்களில் நம் ஊர் அறுபது வயதுக்காரர்களும் கலந்துகொள்கிறார்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. ஆனால் இந்த வயதில் தூரம் மிதிப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் மனிதர்கள் சோற்றுக்காக மிதித்தார்கள், நான் ஆசைக்காக மிதிக்கிறேன். அந்த வித்தியாசத்தை மறைக்கவும் மாட்டேன். எந்த மாதம் எந்தத் திசை, எங்கே தண்ணீர் என்பதெல்லாம் அந்தத் தவணை நோட்டுகளில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.