ஆறு வாரம் யார் கணக்கில்? ஒப்பந்தப் பெண் தொழிலாளரும் கருச்சிதைவு விடுப்பும்

கருச்சிதைவு விடுப்பைப் பொறுத்தவரை இந்தியச் சட்டத்தைக் கஞ்சத்தனமானது என்று சொல்ல முடியாது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, கரு கலைந்த பெண்ணுக்கு அடுத்த ஆறு வாரமும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்றது. உடல் தேறாவிட்டால் 10ஆம் பிரிவின்படி மேலும் ஒரு மாதம் வரை கேட்க முடிந்தது. அந்த ஆறு வாரத்தில் அவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்துக்கொள்வதை 4ஆம் பிரிவு முதலாளிக்குத் தடை செய்தது. 2021இல் பல நாடுகளில் செய்தியாகிப் பாராட்டுப் பெற்ற நியூசிலாந்துச் சட்டம் கொடுத்தது மூன்று நாள் சம்பள விடுப்பு. அதற்கும் ஆறு மாதப் பணிக்காலம் வேண்டும்.

ஆனால் மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ மாநகராட்சித் தூய்மைப் பணிக்கோ காண்டிராக்டில் வரும் பெண்ணுக்கு இந்த ஆறு வாரம் கைக்கு எட்டுவது அரிது. கூலி நின்றுவிடும், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்ற பயத்தில் டி அண்ட் சி முடிந்த சில நாளிலேயே துடைப்பத்தை எடுத்துவிடுகிறார். காண்டிராக்டர்கள் சட்டத்தை மீறுகிறார்கள் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரே முதலாளியிடம் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்து, நிறைமாதம் வரை போய்ப் பிள்ளை பெறும் பெண்ணை மனத்தில் வைத்தே சட்டத்தின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. தற்காலிகத் தொழிலாளியின் கருச்சிதைவு அந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாமல் நிற்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளர் இந்தச் சட்டத்துக்குள் வருவாரா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. 3ஆம் பிரிவு ‘பெண்’ என்பதற்குத் தந்த விளக்கம், நேரடியாகவோ ஏதேனும் ஏஜென்சி மூலமாகவோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்பது. டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண் தொழிலாளர் வழக்கில், தினக்கூலிகளுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும், தகுதி பெற்ற பெண்ணுக்கு மகப்பேறு நலனை முழுக் காலத்துக்கும் கொடுத்தாக வேண்டும். அந்த மருத்துவரின் ஒப்பந்தம், அவர் விடுப்பில் போன சில நாளிலேயே முடிந்திருந்தது. கருச்சிதைவுக்கும் இதே தர்க்கம் செல்ல வேண்டும். விடுப்பின் இரண்டாம் வார முடிவில் ஒப்பந்தம் காலாவதியானால், மீதி நான்கு வாரச் சம்பளமும் முதலாளியின் கடன்தான். ஆனால் ஆறு வாரக் கூலிக்காக டெல்லி வரை வழக்காடப் போகிறவர் யார்? வக்கீல் கட்டணம் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். மகப்பேற்றுக்குத் தீர்ப்புகள் குவிந்திருக்க, கருச்சிதைவுக்கு அவை அபூர்வமாக இருப்பதில் வியப்பில்லை.

இடறும் இடம் 80 நாள் நிபந்தனை. 5ஆம் பிரிவின்படி, பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில், நலன் கேட்கும் அதே முதலாளியிடம் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. பிரசவத்துக்கு இது எளிய நிபந்தனை. கரு கலைந்தவருக்கு என்ன ஆகிறது? கருச்சிதைவுகளில் பெரும்பான்மை முதல் 12 வாரத்துக்குள் நேர்கிறது. ஒரு பெண்ணுக்கு 2025 மார்ச் 1 அன்று, எட்டாவது வாரம் முடிந்த நிலையில், கரு கலைகிறது என்று கொள்வோம். பிரசவத் தேதி அக்டோபர் 11 ஆக இருந்திருக்கும். அதிலிருந்து 12 மாதம் பின்னால் எண்ணினால் 2024 அக்டோபர் 11. அந்த 12 மாதத்தில் ஏழு மாதத்துக்கு மேல் இன்னும் வராத காலம்! கணக்கில் சேரக்கூடியது முந்தைய இருபது வாரம் மட்டுமே. டிசம்பர் 1 அன்று காண்டிராக்டர் மாறியிருந்தால், புதியவரிடம் மூன்று மாதம் ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்திருந்தாலும், ஞாயிறுக்குக் கூலி இல்லாதவருக்கு 77 நாள்தான் தேறும். அதே வார்டில் இரண்டு ஆண்டாகப் பெருக்கியவர், மூன்று நாள் குறைவதால் தகுதி இழக்கிறார்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 2025இல் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியார் நிறுவனத்துக்குப் போனதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் போராடினார்கள். அங்கே பேசப்பட்டது வேலைப் பாதுகாப்பும் சம்பளமும். ஆனால் இப்படி ஆள் கை மாறும்போதெல்லாம் மகப்பேற்று நாள் கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்ற கேள்வி, எந்த உள்ளாட்சியின் அவுட்சோர்சிங்குக்கும் பொருந்தும்.

இந்த முடிச்சைச் சட்டத்தின் சொற்களைக் கொண்டே அவிழ்க்க இரண்டு வழி உண்டு. முதலாவது, 80 நாள் நிபந்தனை ‘மகப்பேறு நலன்’ என்ற தொகைக்கு விதிக்கப்பட்டது. 9ஆம் பிரிவு கருச்சிதைவுக்குத் தந்ததோ அந்த நலனின் ‘வீதத்தில்’ சம்பளத்துடன் விடுப்பு. அளவுகோலைக் கடன் வாங்கியதால் நிபந்தனையும் கூடவே வந்துவிடாது என்று வாதாட இடமிருக்கிறது. இரண்டாவது, ஏஜென்சி மூலம் வந்தவரும் அந்த நிறுவனத்தில் அமர்த்தப்பட்டவர் என்று சட்டமே சொல்வதால், நாள்களை எண்ண வேண்டியது வேலை நடக்கும் நிறுவனத்தை வைத்து. இடையில் மாறும் காண்டிராக்டரை வைத்து அல்ல. முதல் வாதம் இலக்கணச் சுத்தமானது, இரண்டாவது நியாயத்துக்கு நெருக்கமானது. தொழிற்சங்க வழக்கறிஞர்கள் இரண்டாவதையே முன்னே வைப்பது நல்லது; அது வென்றால் மகப்பேற்று விடுப்புக்கும் சேர்த்துப் பயன்படும்.

1961 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதைச் சரிசெய்திருக்கலாம். அதன் 65ஆம் பிரிவு பழைய 9ஆம் பிரிவை ஏறக்குறைய அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. 80 நாளும் பிரசவத் தேதியும் மாறவில்லை. 2017 திருத்தம் மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக்கியபோதும் கருச்சிதைவின் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தது சான்று. விடுப்புக்கு மருத்துவச் சான்று தேவை என்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் தாள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சைட் சூப்பர்வைசரின் கை. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. அதே பெண் சம்பள விடுப்பு வேண்டுமென்றால் அந்த விவரத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. மணமாகாதவர் இந்த விடுப்பைக் கேட்கவே மாட்டார். மணமானவரும் ‘காய்ச்சல்’ என்று சொல்லிச் சம்பளமில்லா லீவில் போகத்தான் பார்ப்பார். ஆறு வாரம் ஓய்வு தேவை என்று மட்டும் குறிப்பிடும், காரணம் சொல்லாத ஒரு சான்றுப் படிவத்தை விதிகளில் சேர்க்கப் பெரிய திருத்தம் தேவையில்லை.

பணம் யார் கொடுப்பது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. மகப்பேறு நலச் சட்டம் முழுச் சுமையையும் முதலாளி தலையில் வைத்தது. அப்படியானால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்று முதலாளிகள் சொல்வதை வெறும் மிரட்டலாகத் தள்ளிவிட முடியாது. குறைந்த டெண்டர் தொகைக்கு வேலை எடுத்த சிறு காண்டிராக்டர் உண்மையிலேயே அப்படித்தான் கணக்குப் போடுவார்.

இதற்கான விடை நம்மிடமே இருக்கிறது: ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீடு. அங்கே முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். கருச்சிதைவுக்கு ஆறு வாரப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கழகம் தருகிறது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும். காப்பீட்டு எண் தொழிலாளியோடு போவதால் காண்டிராக்டர் மாறினாலும் நாள்கள் அழிவதில்லை. மேலே சொன்ன, மூன்று நாளில் தகுதி இழந்த பெண் இங்கே தேறிவிடுவார். காண்டிராக்டர் வழியாக வந்தவருக்கும் பங்களிப்பை முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி, அதாவது வேலை நடக்கும் நிறுவனம். பிறகு அவர் காண்டிராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். கட்டத் தவறினால் கழகம் தொழிலாளிக்குப் பணம் கொடுத்துவிட்டு முதன்மை முதலாளியிடம் வசூலிக்கப் பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 68ஆம் பிரிவு வழி விட்டது.

வேலைவகை பாராத விடுப்பு கற்பனையும் அல்ல. பிலிப்பைன்ஸ் 2019 சட்டத்தில் கருச்சிதைவுக்கு 60 நாள் சம்பள விடுப்பை எல்லாவகைப் பணியாளருக்கும் வைத்தது. சமூகக் காப்பீட்டு நிதியும் அதில் பங்கேற்பதால்தான் அது சாத்தியமானது.

ஈ.எஸ்.ஐ.க்கும் எல்லை உண்டு. 2017இல் வைத்த மாதம் ரூ.21,000 என்ற சம்பள உச்சவரம்பைத் தாண்டியவர், பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் வேலை பார்ப்பவர் எல்லாம் பொதுவாக வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டு நலவாரியங்கள் கருச்சிதைவுக்கு உதவித்தொகை தருகின்றன. அது ஒருமுறை கொடுக்கும் தொகை, ஆறு வாரக் கூலிக்கு ஈடாகாது. இந்த எல்லைகளை விரிக்கப் பாராளுமன்றமோ மத்திய அரசின் அறிவிப்போ வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் மாநகராட்சிகளும் அரசு மருத்துவமனைகளும் தங்கள் டெண்டர் ஆவணத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: முந்தைய காண்டிராக்டரிடம் செய்த பணிநாள்களைப் புதியவர் ஏற்க வேண்டும், விடுப்புக் காலச் சம்பளத்தைக் காண்டிராக்டர் கொடுக்காவிட்டால் அலுவலகமே கொடுத்துவிட்டு அவருடைய பில்லில் கழித்துக்கொள்ளும்.