உறை பிரித்த அரசும் உள்ளங்கைக் கருவியும்

தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739இல். அந்நாளில் பிரான்சை ஆண்டவன் பதினைந்தாம் லூயி. அவனுடைய ஆட்சியில் 'கறுப்பு அறை' என்று பெயர் பெற்ற ஓர் அலுவலகம் இருந்தது. மக்களின் மடல்களை அங்கே கள்ளத்தனமாகப் பிரித்தனர், படித்தனர், சுவடு தெரியாமல் ஒட்டி அனுப்பினர். 1789இல் மக்கள் எழுதித் தந்த குறைகளில் இந்த இழிசெயலும் இடம்பெற்றது. மறு ஆண்டே, மடலின் மறைவைக் குலைத்தல் கூடாது என்று புரட்சிப் பேரவை ஆணையிட்டது. மன்னன் மாண்டான், ஆனால் பிறர் மடலைப் படிக்கும் ஆசை மாண்டதா?

இல்லை. ஆங்கிலேயர் 1885இல் தந்திச் சட்டம் செய்தனர். 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' என்னும் இரு சொற்களைக் காட்டிப் பிறர் செய்தியை இடைமறிக்கும் அதிகாரத்தை அதில் வைத்தனர். வெள்ளையர் வெளியேறினர், அவர் விட்டுச் சென்ற சாவி வெளியேறவில்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அந்த அதிகாரம் நிலைபெற்றிருக்கிறது.

காரைக்கால் இந்திய ஆட்சிக்கு வந்தது 1954 நவம்பர் 1இல்; சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டு 16இல். அந்த இரண்டு ஆண்டுகளுமே அந்தரங்க உரிமையின் வரலாற்றில் இருண்ட ஆண்டுகள். 1954 மார்ச்சில், எம்.பி. சர்மா வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எண்மர் அத்தகைய உரிமைக்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றனர். 1962 டிசம்பரில், கரக் சிங் வழக்கில், நள்ளிரவில் போலீசார் வீட்டுக்கு வருவது செல்லாது என்று தீர்த்தவர்களே, அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றும் உரைத்தனர். நீதிபதி சுப்பாராவும் அவரோடு ஒருவரும் மட்டுமே மாறுபட்டனர்.

1996இல் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. 2017 ஆகஸ்டு 24இல், புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று முழங்கினர். சிறுபான்மையாய் நின்ற சுப்பாராவின் கருத்து வெல்ல 55 ஆண்டுகள் ஆயின!

அதற்குள் கருவி மாறிவிட்டது. ஒற்றன் அன்று தெருவில் பின்தொடர்ந்தான்; இன்று சட்டைப்பையில் அமர்ந்திருக்கிறான். கைப்பேசி ஓயாமல் கோபுரத்தோடு பேசுகிறது. நாம் இருக்குமிடம் அங்கே பதிவாகிறது. யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தோம் என்னும் குறிப்புகளைக் குறைந்தது இரண்டாண்டு காக்க வேண்டும் என்று 2021இல் நிறுவனங்களுக்கு அரசு விதித்தது. நாம் நிறுவும் செயலிகளோ, முகவரிப் பட்டியலையும் படங்களையும் கேட்கின்றன. நாமும் படித்துப் பாராமல் 'சரி' என்கிறோம்!

இது தொலைதூரக் கதையன்று. 2021இல் புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் அடங்கிய ஆட்சிப்பகுதிக்குச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடிவாரியான வாட்சப் குழுக்களில் சேருமாறு புதுவையில் வாக்காளரின் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. ஆதாரோடு இணைந்த எண்களைப் பாரதிய சனதாக் கட்சி பெற்றுவிட்டது என்று குற்றஞ்சாட்டி, இந்திய சனநாயக வாலிபர் சங்கத்தார் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். கட்சி மறுத்தது. குற்றச்சாட்டைக் கடுமையானதாகக் கருதிய நீதிமன்றம், ஆதார் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது. வாக்குப்பெட்டி மறைவாக இருந்தால் போதுமா? வாக்காளன் வெட்டவெளியில் நின்றால், அந்த மறைவுக்கு என்ன மதிப்பு?

2025 சூலையில் அதே உயர் நீதிமன்றம், சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவதற்காக ஒட்டுக்கேட்பது 'பொதுப் பாதுகாப்பு' ஆகாது என்று கூறி, உள்துறையின் 2011ஆம் ஆண்டு ஆணையொன்றை நீக்கியது. 1885இன் சொற்களுக்கு 140 ஆண்டுகள் கழித்து ஒரு கடிவாளம்!

"குற்றமற்றவனுக்கு என்ன அச்சம்?" என்று கேட்போர் உண்டு. சாதி கடந்து மணக்கத் துணியும் பெண் செய்த குற்றம் என்ன? அவள் அனுப்பிய ஒரு செய்தி உறவினர் கண்ணில் பட்டால், அவள் உயிருக்கே உலையாகக்கூடும். மாற்றுக் கருத்தை எண்ணிப் பார்க்கவும், நண்பனிடம் சொல்லிப் பார்க்கவும் ஒரு தனியிடம் வேண்டும். அது பறிபோனால் பகுத்தறிவு எங்கே முளைக்கும்?

தோழர்களே, "எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும், நம்மால் ஆவதென்ன?" என்பது புதுத் தலையெழுத்து வாதம். பழைய தலையெழுத்தை மறுத்த நாம் இதற்கா தலைவணங்குவது? செயலி கேட்கும் இசைவை ஏன் என்று கேளுங்கள், தேவையற்றதை மறுங்கள். அரசு கேட்டால், எந்தச் சட்டத்தின்படி என்று கேளுங்கள். மடலின் உறையைக் காத்தது மன்னனின் கருணையன்று, மக்களின் கேள்வியே!