குளவி

எறும்பும் தேனீயும் சேர்ந்த பூச்சி வரிசையைச் சார்ந்ததாய், ஒடுங்கிய இடையும் இரண்டு ஜோடிச் சிறகுகளும் உடையதாய், பெண்ணுக்கு மட்டுமே கொடுக்கு அமைந்ததாய் விளங்கும் பிராணி. ஜன்னல் மூலையிலும் புத்தக அலமாரியிலும் ஈரமண்ணை உருண்டையாக்கிக் கொணர்ந்து கூடு பூசுவது, தனித்து வாழும் சுபாவமுடைய மண்குளவி. அக்கூட்டை உடைத்துப் பார்த்தால், கொட்டுண்டு உயிர் போகாமல் மரத்துக் கிடக்கும் சிலந்திகளைக் காணலாம். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்று வேதாந்திகள் எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தம் அழகியதே எனினும், உண்மையில் குளவி பிடித்து வைக்கும் இரையெல்லாம் அதன் குஞ்சுக்கு ஆகாரமே. இது சாது, துளை விழுந்த பழங்கூட்டைச் சுரண்டி எறிந்தால் போதும்.

அஞ்சத்தக்கது கதண்டு. கரிய உடலும் வயிற்றைச் சுற்றி அகன்ற மஞ்சட்பட்டையும் உடைய இது, மரத்தைச் சுரண்டி மென்ற கூழினால், காகிதம் போன்ற கூட்டைத் தென்னையிலும் பனையிலும் வீட்டு இறவாரத்திலும் கடைப் பெயர்ப்பலகையின் பின்புறத்திலும் கட்டும். கொட்டிய தேனீயைப் போலக் கொடுக்கை இழந்து மடியாமல், திரும்பத் திரும்பக் கொட்ட வல்லது. ஒற்றை ராணி தொடங்கும் எலுமிச்சையளவுக் கூட்டை அப்போதே அகற்றுவதும், சுவர்ப் பொந்துகளை அடைப்பதும், அழுகிய பழத்தையும் இறைச்சிக் கழிவையும் மூடி வைப்பதும் தடுப்பு முறைகள். வளர்ந்த கூட்டின்மேல் கல்லெறிவது பேதைமை. தமிழ்நாட்டில் தீயணைப்பு நிலையத்தாரை அழைப்பதே வழக்கம். அவர்களும் பூச்சிகள் கூடடைந்தபின், இரவிலேயே பெரும்பாலும் அவற்றை அழிப்பர். கொட்டுண்டவருக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால், சுண்ணாம்பு தடவிக் காலங்கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.