மாலைதீவு விரித்த கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த வெயிலுக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம், "மரத்தை வெட்டினோம், அனுபவிக்கிறோம்" என்பதுதான். மரம் வெட்டியதற்கு நாம் பொறுப்பு, அதில் மறுப்பில்லை. ஆனால் உலகம் முழுக்கச் சூடானதற்கான கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. அதை ஆரம்பத்திலேயே உலகத்தின் முன் விரித்தது ஒரு வல்லரசு அல்ல. நமது சம்பலுக்கு மாசி அனுப்பிய மாலைதீவு.

1987 ஏப்ரலில் எங்கோ தொலைவில் எழுந்த பேரலைகள் மாலே நகருக்குள் புகுந்தன. அந்த நாட்டு நிலத்தில் 80 வீதத்துக்கும் மேற்பட்டது கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றருக்குள்தான் இருக்கிறது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம் (சிறுவயதில் நம் நாட்டில் படித்து, பிறகு அல் அஸ்ஹர் போனவர்) ஐ.நா. பொதுச்சபையில் எழுந்து பேசினார். இந்த ஆபத்தை நாங்கள் உண்டாக்கவில்லை, எங்களால் தனியாகத் தப்பவும் முடியாது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். பின்னர் ஜப்பானின் உதவியோடு மாலேயைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழும்பியது. 2004 சுனாமியில் அது தலைநகரைப் பெருமளவு காப்பாற்றியது. ஆனால் சுமார் 1,200 தீவுகளுக்கு யார் சுவர் கட்டுவது?

ஏன் பணக்கார நாடுகளைக் கேட்க வேண்டும்? கைத்தொழில் புரட்சியை வகுப்பில் நீராவி இயந்திரத்தோடு தொடங்கி ரயிலோடு முடித்துவிடுகிறோம். அந்தப் புகை எங்கே போனது என்று கேட்பதில்லை. காபனீரொட்சைட்டு காற்றில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தங்கும். கடைக் கொப்பியில் பழைய நிலுவையை விட்டுவிட்டு, இன்று வாங்கிய சீனிக்கு மட்டும் கணக்குப் பார்க்க முடியுமா? 1750 தொட்டு எரிபொருளால் வெளியான காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்காவுடையது. ஐரோப்பாவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் மேல். இத்தனை கோடிச் சனமுள்ள இந்தியாவினுடையதோ 4 வீதத்துக்கும் குறைவு.

1991இல் பசுபிக்கின் வனுவாட்டு, சிறு தீவு நாடுகளின் சார்பில் ஒரு யோசனை வைத்தது. பணக்கார நாடுகள் தமது வருமானத்தையும் வெளியேற்றத்தையும் பொறுத்து ஒரு காப்புறுதி நிதிக்குப் பணம் போட வேண்டும், கடலேறி நிலம் இழப்பவர்களுக்கு அதிலிருந்து கொடுக்க வேண்டும். அது ஏற்கப்படவில்லை. 1992 ரியோ உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்று எழுதியதோடு நின்றது. 1997 டிசம்பரில் கியோட்டோவில் பணக்கார நாடுகள் குறைக்க வேண்டிய அளவைத் தீர்மானித்தார்கள். அமெரிக்க செனட் சபையோ அதற்கு ஐந்து மாதம் முன்பே, சீனாவும் இந்தியாவும் போன்ற நாடுகள் கட்டுப்படாத உடன்படிக்கையை ஏற்கக் கூடாது என்று 95–0 என வாக்களித்துவிட்டது. 2001இல் புஷ் விலகினார்.

அந்த வாதம் முழுவதும் பொய்யுமில்லை. இன்று ஆண்டுதோறும் வெளியேறுவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சீனாவுடையது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். 1992 பட்டியலின்படி வளைகுடா எண்ணெய் நாடுகளும் அபிவிருத்தியடைந்துவரும் நாடுகள்தான். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் கட்டார் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. நம் ஊரில் எத்தனையோ வீடுகள் அந்த நாடுகளின் காசில் எழும்பியவை. அதற்காக அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வரலாறு படிக்க முடியாது.

2009இல் கோப்பன்ஹேகனில், 2020ஆம் ஆண்டளவில் வருடத்துக்கு 100 பில்லியன் டொலர் தருவோம் என்றார்கள். அந்தத் தொகை எட்டப்பட்டது 2022இல், அதிலும் பெரும்பகுதி கடனாக. கடன் என்றால் என்ன என்பதை அதே 2022இல் நாம் பெற்றோல் வரிசையில் நின்று படித்தோம்.

அந்த வருடம்தான் பாகிஸ்தானில் வெள்ளம். 1,700க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள், 33 மில்லியன் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் இழப்புமாக 30 பில்லியன் டொலர். உலக வெளியேற்றத்தில் பாகிஸ்தானின் பங்கு 1 வீதமளவும் வராது. இந்த நிலையில் ஷார்ம் அல் ஷேக் மாநாட்டில் இனியும் தட்டிக்கழிக்க முடியவில்லை. இழப்பு, சேதத்துக்கான நிதியம் ஒன்றை ஏற்றார்கள். வனுவாட்டு கேட்டு 31 வருடம் கழித்து.

அடுத்த வருடம் துபாயில் ஐக்கிய அரபு இராச்சியம் 100 மில்லியன் டொலர் அறிவித்தது. ஜேர்மனியும் அவ்வளவே. அமெரிக்கா 17.5 மில்லியன். மாநாடு முடியும்போது எல்லா நாட்டு வாக்குறுதிகளும் சேர்ந்து 800 மில்லியனைத் தாண்டவில்லை. பாகிஸ்தானின் ஒரு வெள்ளத்துக்கே எந்த மூலைக்கு?

வனுவாட்டு அதோடு ஓயவில்லை. பசுபிக் பல்கலைக்கழகமொன்றின் சட்ட மாணவர்கள் 2019இல் ஒரு யோசனை சொன்னார்கள்: இதைச் சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்போம். அரசாங்கம் அதைக் கையிலெடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஏகமனதாக அந்தக் கேள்வியை ஹேக் நகருக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் பதில் தந்தது. காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியும் வரலாம். இது ஆலோசனைதான், எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இனி வழக்காடப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.