கட்டளை முனையமும் தமிழெழுத்தும்

கெப்பாலா பத்தாஸ் என்னும் எம் ஊர்ப்பெயரைக் கணினியின் கட்டளை முனையத்தில் ஒருநாள் தட்டச்சிட்டேன். முதலெழுத்தே சிதைந்தது, ககரம் ஓரிடத்திலும் ஒற்றைக்கொம்பு வேறிடத்திலுமாக நின்றன. பிழை என் விரலில் இல்லை. அதன் வேர் தட்டச்சுப் பொறியின் வரலாற்றில் உள்ளது.

முனையம் என்பது படமும் சுட்டியுமின்றி, எழுத்தாலேயே கணினிக்கு ஆணையிடும் திரை. மென்பொருள் ஆக்குவோர் பலர் இன்றும் இதனையே விரும்புவர். 1963இல் வந்த டெலிடைப் 33 என்னும் தொலைத்தட்டச்சுப் பொறி இதன் முன்னோர்களுள் ஒன்று. நொடிக்குப் பத்தெழுத்தே அடிக்கவல்ல அத்தகைய பொறியின்முன் அமர்ந்துதான் பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969 முதல் யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கினர். பட்டியலிட 'எல்எஸ்', படியெடுக்கச் 'சிபி' என ஆணைகள் ஈரெழுத்தாய்ச் சுருங்கியமைக்கு அப்பொறியின் மெதுநடையும் ஒரு காரணம். ஓரெழுத்துக்கு ஓரிடம், எல்லா இடமும் ஒரே அகலம் என்பதும் அது விட்டுச்சென்ற மரபே. 1978இல் வந்த விடி100 முனையம் 24 வரியும் வரிக்கு 80 எழுத்துமாகத் திரையைக் கட்டம் வகுத்தது. உரோமன் எழுத்து அக்கட்டத்துள் அடங்கும். நம் உயிர்மெய் அடங்குமா?

இவ்விடரை நம்மவர் ஒருவர் முன்னரே எதிர்கொண்டார். 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் பல்லாண்டு பணியாற்றிய இரா. முத்தையாவைத் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்பர். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைத்தல் இயலாது. ஆதலின், அடித்தாலும் உருளை நகராத விசைகளை அவர் அமைத்தார். குறியை அடித்தால் உருளை அசையாது நிற்கும். அடுத்து அடிக்கும் மெய் அக்குறியோடு பொருந்தும். நம் பள்ளி அலுவலகங்களில் தட்டச்சுப் பொறி ஒலித்த காலத்தை அறிந்தோர், இதன் அருமையை அறிவர்.

1991இல் வெளிவந்த யூனிகோடில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. மறு ஆண்டு, யுனிக்ஸ் தந்த அதே தாம்சனும் ராப் பைக்கும் நியூ செர்சி உணவகமொன்றில், மேசைத்தாளில் யுடிஎஃப்-8 குறிமுறையை வரைந்தனர். அதன்வழியே இன்று முனையத்துள் தமிழ் செல்கிறது. ஆயின், தட்டச்சுப் பொறியில் முதலில் அடித்த கொம்பு, யூனிகோடில் ககரத்தின் பின்னரே சேமிக்கப்படும். அதனை முன்னே கொணர்ந்து வரையும் திறன் சில முனையங்களுக்கு உண்டு, பலவற்றுக்கு இல்லை.

முனையத்தைத் தம் கைக்கேற்பத் திருத்திக்கொள்வோர், நீண்ட ஆணைகளுக்கு மாற்றுப்பெயர் சூட்டுவர். 1970களின் பிற்பகுதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் இவ்வசதி இருந்தது. 1989இல் தோன்றிய பாஷிலும் உண்டு. பாஷில் அப்பெயர் தமிழாகவும் இருக்கலாம். 'எல்எஸ்' என்பதற்குப் 'பட்டியல்' எனப் பெயரிட்டேன், பணிந்தது. விரைவு கூடிற்றா எனின், இல்லை. விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றும் நேரத்தில் 'எல்எஸ்' என்பதைப் பன்முறை அடித்துவிடலாம். எனினும், ஆணை எதற்கென்று அறியாது மனப்பாடம் செய்யும் தொடக்க மாணவனுக்குப் 'பட்டியல்' தானே பொருள் உரைக்கும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியும் (பெயரொற்றுமையை நோக்குக!) தமிழ்ச் சொல்லால் நிரல் கற்பிக்கும் நோக்கினதே.

பின்னர், எம் ஊர்ப்பெயரிட்ட கோப்புறையை முனையத்திலேயே ஆக்கினேன். திரையில் அப்பெயர் அப்போதும் சிதைந்தே தோன்றிற்று. சாளரத்தைத் திறந்து நோக்கினேன்: கொம்பு தன்னிடத்தில் நிற்க, கெப்பாலா பத்தாஸ் முழுமையாய் இருந்தது.